அகன்ற தட்டும் மெல்லிய ஒலியும்



ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு மொட்டை மாடி என்பது ஒரு தனி உலகம். வடகம் காய வைப்பதும் அங்கேதான். கோடை இரவில் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். நம் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு கணம் நின்று பார்ப்பதும் அங்கேதான். டில்லியில் நான் குடியிருக்கும் அரசாங்கக் குடியிருப்பின் மாடியில் இன்று நாலடி அகலமுள்ள ஒரு டிஷ் ஆன்டெனா நிற்கிறது. அதற்கு முன் அவ்விடத்தில் இரண்டடி டிஷ் ஒன்று இருந்தது. இரண்டடியிலிருந்து நாலடிக்கு நான் சென்ற கதையையும், எட்டடிக்குப் போகாமல் நின்றுவிட்ட காரணத்தையும் இன்று உங்களுக்குச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

நான் விஞ்ஞானம் கற்றவனல்லன். கலைப் பட்டதாரி, மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். பகல் முழுவதும் சுற்றறிக்கைகளையும் விதிமுறைகளையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுவது என் தொழில். மாலையில் மனம் வேறொன்றை நாடும். அவ்வாறு நாடியபோது கிடைத்ததுதான் அமெச்சூர் ரேடியோ. ஹாம் ரேடியோ என்று பலரும் அழைக்கும் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டு ஒலிபரப்ப வேண்டுமானால் தேர்வு எழுதித் தேறி, மத்திய அரசிடம் உரிமம் பெற வேண்டும். அந்தத் தேர்வை நாற்பது வயதில் எழுதித் தேறினேன். ஆனால் இன்று நான் பேசப்போவது அனுப்புவதைப் பற்றியன்று, கேட்பதைப் பற்றி.

அமெச்சூர்கள் விண்வெளியைப் பயன்படுத்தத் தொடங்கியது நேற்றன்று. ஆஸ்கார் 1 என்ற அவர்களுடைய முதற் செயற்கைக்கோள் 1961 டிசம்பர் 12-ஆம் நாள் விண்ணில் ஏறிற்று. மோர்ஸ் சங்கேதத்தில் இரண்டே எழுத்துக்களைத் திரும்பத் திரும்ப ஒலிப்பதுதான் அதன் வேலை. நம் நாடும் பின்தங்கவில்லை. 2005 மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஹாம்சாட் என்ற அமெச்சூர் செயற்கைக்கோளை நம் விஞ்ஞானிகள் ஏவினார்கள். 2014 வரை அது உழைத்தது. ஆனால் இவையெல்லாம் பூமிக்கு அருகில் விரைந்து சுற்றுபவை. அடிவானத்தில் தோன்றிப் பதினைந்து நிமிஷங்களுக்குள் மறைந்துவிடும். அவற்றைப் பின்தொடர்ந்து ஏரியலைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

2018 நவம்பர் 15-ஆம் நாள் அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட எஸ்ஹெயில் 2 என்ற கத்தார் நாட்டுச் செயற்கைக்கோள் இந்நிலைமையை மாற்றிற்று. தொலைக்காட்சிக்காக ஏற்பட்ட அக்கோளில் அமெச்சூர்களுக்கென்று இரண்டு அஞ்சல் கருவிகளைச் சேர்த்து வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் அவை பொதுப் பயனுக்குத் திறந்துவிடப்பட்டன. கத்தார்-ஆஸ்கார் 100 என்பது அவற்றின் பெயர். கிழக்குத் தீர்க்க ரேகை 26 பாகையை ஒட்டி, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அது நிலையாக நிற்பதுபோல் காணப்படுகிறது. பிரேஸிலிலிருந்து தாய்லாந்து வரை பூமியின் மூன்றிலொரு பாகம் அதன் பார்வைக்குள் அடங்கும். அந்தப் பார்வையில் நாமும் இருக்கிறோம். அசையாத கோள் என்பதால் டிஷ்ஷை ஒருமுறை குறிபார்த்துப் பொருத்திவிட்டால் போதும்.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்காக வைத்திருந்த இரண்டடி டிஷ், இணையம் வந்தபின் வேலையின்றிக் கிடந்தது. அதைத் தென்மேற்கும் மேற்கும் கலந்த திசையில், அடிவானத்துக்கு 25 பாகை மேலாகத் திருப்பினேன். டிஷ்ஷுக்கு முன்னே நீண்ட கையின் நுனியில் எல்.என்.பி. என்ற சிறு கருவி இருக்கிறதல்லவா? அது 10,489 மெகாஹெர்ட்ஸ் என்ற மிக உயர்ந்த அலைவரிசையில் வரும் ஒலியை 739 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கம்பி வழியே கீழே அனுப்புகிறது. கணிப்பொறியில் செருகும் விரல் நீளமுள்ள ஏற்பி ஒன்று அதைக் கேட்கத் தருகிறது. முதல் நாள் மாலை இரைச்சலுக்கிடையே ஐரோப்பியர் ஒருவரின் குரலும், பின்னர் மோர்ஸ் ஒலியும் மெல்லக் கேட்டன. ஏறத்தாழ 39,000 கிலோமீட்டர் கடந்து நம் கூரையில் வந்து விழும் ஒலி! அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இச்செய்தியை நான் முதலில் சொன்னது எங்களுக்கு மேல்வீட்டில் மகனுடன் வசிக்கும் பெரியவரிடம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எண்பத்திரண்டு வயது. இளமையில் தந்தி இலாகாவில் சேர்ந்து, வடநாட்டில் பல ஊர்களில் மோர்ஸ் கருவியின் முன் அமர்ந்து உழைத்தவர். அவர் ஓய்வு பெற்றுப் பல காலம் ஆனபின், 2013 ஜூலையில் தந்திச் சேவையே நம் நாட்டில் நின்றுபோயிற்று. அன்று மாலை, கடைசித் தந்தியாகத் தமக்குத் தாமே ஒன்று கொடுத்துக்கொண்டதாகச் சொல்லுவார். என் செய்தியைக் கேட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, கையால் அடிக்கிற மோர்ஸா? இயந்திரம் அடிக்கிறதா?”

“பலர் இன்னமும் கையால்தான் அடிக்கிறார்கள், ஐயா” என்றேன்.

மறுநாள் மாலை கைத்தடியுடன் இறங்கி வந்து என் அறையில் அமர்ந்தார். காதுக் கருவியைப் பொருத்திக்கொண்டு, ஓர் உறையின் பின்புறத்தில் எழுத முற்பட்டார். ஐந்து நிமிஷம் பென்சில் அசையவில்லை. பிறகு இரண்டு எழுத்து எழுதினார், அடித்தார். “ஏதோ இருக்கிறது தெரிகிறது. ஆனால் மழைக்கு நடுவே பேசுகிற மாதிரி இருக்கிறது. காது போய்விட்டது, தம்பி. மோர்ஸ் போகவில்லை” என்று சொல்லி எழுந்துவிட்டார். மாடிப்படியில் அவர் ஏறும் ஓசை எனக்கு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

என் காதுக்குப் போதுமான ஒலி அவர் காதுக்குப் போதவில்லை. இதற்கு மருந்து பெரிய டிஷ்தான் என்று தோன்றிற்று.

டிஷ்ஷின் தத்துவம் மிகவும் எளிது. மழை நீரைப் பிடிக்க அகலமான அண்டாவை வைப்பதுபோல், வானிலிருந்து விழும் அலைகளைப் பிடித்து ஒரு புள்ளியில் குவிப்பது அதன் வேலை. பிடிக்கும் அளவு பரப்பைப் பொறுத்தது. விட்டம் இரு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷைவிட 120 சென்டிமீட்டர் டிஷ் நான்கு மடங்கு ஆற்றலைப் பிடிக்கும். இதைத் துறையினர் 6 டெசிபெல் லாபம் என்பார்கள். 3 டெசிபெல் என்றால் இரு மடங்கு. 6 என்றால் நான்கு மடங்கு. 10 என்றால் பத்து மடங்கு. இரைச்சலுக்கு மேலே ஒலி எவ்வளவு தலைதூக்கி நிற்கிறது என்பதை அளக்க இக்கணக்கு உதவுகிறது.

உடனே பெரிய டிஷ் தேட முற்பட்டேன். அப்போது இத்துறையில் முதிர்ந்த நண்பர் ஒருவர் கேட்டார்: “இருக்கிற டிஷ்ஷில் கிடைக்க வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டதா?” கிடைக்கவில்லை என்பது அவர் வந்து பார்த்தபின்தான் தெரிந்தது.

அந்தச் செயற்கைக்கோள் தன் அலையை நெட்டுவாக்கில் அதிர விட்டு அனுப்புகிறது. ஆனால் அது நிற்பது நமக்கு வெகு தூரம் மேற்கே. உருண்டையான பூமியின் வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கும் நமக்கு அந்த நெட்டுவாக்கு சாய்ந்து தெரியும். டில்லியில் அச்சாய்வு ஏறத்தாழ 55 பாகை. மும்பையிலும் கொல்கத்தாவிலும் 65 பாகை. டிஷ்ஷின் பின்னால் நின்று வானை நோக்கும்போது, எல்.என்.பி.யை வலப்புறமாக அந்த அளவு திருகி வைக்க வேண்டும். நானோ அதை நேராக வைத்திருந்தேன். அதனால் வந்த ஆற்றலில் மூன்றிலொரு பங்குதான் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது! ஒரு திருகாணியைத் தளர்த்தித் திருகிய மாத்திரத்தில் 5 டெசிபெல்லுக்குச் சற்றே குறைவான லாபம் கிடைத்தது. காசு செலவில்லாமல், மூன்றடி டிஷ்ஷைவிடச் சற்றுப் பெரிய ஒன்றை வாங்கிய பலன் இது.

அடுத்து நண்பர் சொன்ன உபாயம் சூரியனைக் கொண்டு சோதிப்பது. ஆண்டுக்கு இரு முறை, டில்லியில் மார்ச் 9-ஐ ஒட்டியும் அக்டோபர் 5-ஐ ஒட்டியும், மாலை நான்கு மணியளவில் சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அவ்வேளையில் மாடியில் எங்கே வெயில் விழுகிறதோ அங்கிருந்து கோள் தெரியும். எங்கே நிழல் விழுகிறதோ அங்கிருந்து தெரியாது. அக்டோபரில் போய்ப் பார்த்தேன். எங்கள் டிஷ்ஷின் பாதி முகத்தில் பக்கத்து வேப்பமரத்தின் நிழல்! ஈரமுள்ள இலைகள் இந்த அலைகளை விழுங்கிவிடும். டிஷ்ஷை ஆறடி தள்ளி வைத்தேன்.

மூன்றாவது உபாயம் வடிகட்டுவது. பேச்சைக் கேட்க 2,700 ஹெர்ட்ஸ் அகலமுள்ள வழி வேண்டும். மோர்ஸுக்கு 250 ஹெர்ட்ஸ் போதும். வழியைக் குறுக்கினால் உடன் வரும் இரைச்சல் பத்திலொரு பங்காகிவிடும். முதியவர்களுக்குக் கீச்சென்ற ஒலி கேட்பது அரிது. ஆகையால் மோர்ஸ் ஒலியின் சுருதியையும் தாழ்த்தி வைத்தேன்.

இவ்வளவும் செய்து பெரியவரை அழைத்தேன். இம்முறை பென்சில் ஓடிற்று. ஆனால் ஓடி ஓடி நின்றது. பத்து எழுத்துக்கு ஆறு எழுத்து விழுந்தது. உரத்து ஒலித்த நிலையங்களைப் பிடித்தார்; மெல்லியவை நழுவின. ஆறெழுத்து விழுந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். முன்பு அவர் தாளை என் மேஜையிலேயே விட்டுச் சென்றவர்.

இப்போது பெரிய டிஷ் வாங்குவதற்கு நியாயம் பிறந்துவிட்டது. எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி.

பழைய இரும்புக் கடையில் இரண்டு டிஷ்கள் கிடைத்தன. ஒன்று, கேபிள் தொலைக்காட்சி நடத்தியவர் ஒருவர் கழித்துப்போட்ட எட்டடி வலை டிஷ். மற்றொன்று, வங்கிகளின் ஏ.டி.எம். கூரைகளில் காண்கிறோமே, அந்த வகையைச் சேர்ந்த நாலடித் தட்டு. விலையோ இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. எங்கள் வீட்டு ஒரு மாதப் பால் கணக்கைவிடச் சற்று அதிகம். ஆசை எட்டடியின் மேல் சென்றது இயல்புதானே?

ஆனால் வலையைப் பற்றிக் கொஞ்சம் சிந்திக்க வேண்டும். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நம் நாட்டில் ஒரு மாபெரும் சோதனை நடந்தது. ஏ.டி.எஸ். 6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். அந்தக் கிராமங்களில் வைத்தவை கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பிவலையால் செய்த பத்தடி டிஷ்கள். புணேக்கு வடக்கே கோடத் என்ற சிற்றூரில் உள்ள ராட்சத மீட்டர்-அலை ரேடியோ தொலைநோக்கியில் 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது டிஷ்கள் இருக்கின்றன. அவையும் கம்பி வலையே. நம் உதகமண்டலத்துக்கு அருகில் 1970-இல் அமைந்த ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் முகமும் மெல்லிய எஃகுக் கம்பிகளின் வரிசைதான். காற்று ஊடே புகுந்து போய்விடும், எடையும் குறைவு.

அப்படியானால் வலையில் என்ன குறை? ஒரு குறையுமில்லை, அலை நீளமாயிருந்தால். கிராமச் சோதனையில் வந்த அலையின் நீளம் 35 சென்டிமீட்டர். எனக்கு வரும் அலையின் நீளம் 3 சென்டிமீட்டர்கூட இல்லை. வலையின் கண் அலைநீளத்தில் பத்திலொரு பங்குக்கு மேற்படக்கூடாது என்பது ஒரு பொது விதி. அதாவது எனக்கு 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டிஷ்ஷின் வளைவிலும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பிசகு இருக்கலாகாது. கடையிலிருந்த எட்டடி வலையோ ஏழரைச் சென்டிமீட்டர் அலைக்காகச் செய்யப்பட்டது. இரண்டு இடங்களில் நசுங்கியும் இருந்தது. நெல் சலிக்கும் சல்லடையில் மாவு சலிக்க முடியுமா?

அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. மேலே நிற்கும் அஞ்சல் கருவி, தன்னிடம் வரும் குரல்களோடு தன்னுள் எழும் இரைச்சலையும் சேர்த்தே கீழே அனுப்புகிறது. சிறு டிஷ்ஷில் நம் எல்.என்.பி.யின் இரைச்சல் மேலோங்கியிருப்பதால் அது தெரிவதில்லை. டிஷ் பெரிதாகிக்கொண்டே போனால் ஒரு நிலையில் மேலிருந்து வரும் இரைச்சலே நமக்குக் கேட்கத் தொடங்கும். அதன் பின் டிஷ்ஷை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒலியும் இரைச்சலும் சேர்ந்தே வளரும். கிணறு கலங்கியிருந்தால் பெரிய வாளியில் இறைத்தாலும் கலங்கல் நீர்தானே வரும்? அந்த எல்லை ஏறத்தாழ ஒரு மீட்டரை ஒட்டி வந்துவிடுகிறது. அமெச்சூர்கள் அனுப்பும் தொலைக்காட்சிப் படங்களைப் பார்க்க விரும்புவோருக்கு அதற்கும் பெரியது பயன்படும். பேச்சுக்கும் மோர்ஸுக்கும் நாலடி தாராளம். ஆகவே நாலடித் தட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

இனி என் தவற்றைச் சொல்ல வேண்டும். அரசாங்கக் கட்டடத்தின் தளத்தில் துளை போடக்கூடாது. ஆகையால் இரும்புச் சட்டம் ஒன்று செய்து, அதன்மேல் டிஷ்ஷை நிறுத்தி, கையில் கிடைத்த செங்கற்களை அடுக்கினேன். அறுபது கிலோ இருக்கும். இரண்டடி டிஷ் பல ஆண்டு அசையாமல் நின்றதே என்ற தைரியம். பரப்பு நான்கு மடங்கானால் காற்றின் தள்ளுதலும் நான்கு மடங்காகும் என்பதை ஒலிக் கணக்கில் மகிழ்ந்து படித்த நான், காற்றுக் கணக்கில் மறந்துவிட்டேன்.

மே மாதம் ஒரு மாலை, டில்லிக்காரர்கள் ஆந்தி என்று சொல்லும் புழுதிப் புயல் வீசிற்று. சட்டத்தோடு டிஷ் தளத்தில் வழுக்கிச் சென்று, தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை உடைத்துவிட்டது. நான் அலுவலகத்திலிருந்து வருமுன் தொட்டி வறண்டுவிட்டது. எட்டு வீட்டுக்காரர்களுக்கு அன்றிரவு சொட்டுத் தண்ணீர் இல்லை. மே மாதத்து டில்லியில் அது என்ன துன்பம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கைக்குழந்தை உள்ள வீடும் அவற்றில் ஒன்று. மறுநாள் கூடிப் பேசி, டிஷ்ஷை அகற்றிவிட வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்னது முற்றும் நியாயம். குழாயைச் சரிசெய்து கொடுத்து, டிஷ்ஷை இறக்கிப் படிக்கட்டின் அடியில் சாய்த்து வைத்தேன். யாரும் காற்றில் அடிபடாமல் போனதே பெரிய புண்ணியம்.

பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் கூன்ஹில்லி என்னுமிடத்தில் வைத்திருக்கும் டிஷ்ஷின் ஒலியை இணையத்தின் வழியே யாரும் கேட்கலாம். அதைப் பிடித்துக் கொடுத்தேன். மரியாதைக்காகச் சிறிது நேரம் கேட்டார். “நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது அவர்கள் கூரையில் விழுந்தது, தம்பி” என்றார்.

எங்கள் குடியிருப்பில், அரசாங்கப் பொறியாளராயிருந்து ஓய்வு பெற்ற சர்தார் ஒருவர் இருக்கிறார். நான் எனக்குத் தெரிந்த வித்தையில் இறங்கினேன். காற்றின் வேகம், தட்டின் பரப்பு, வைக்கப்போகும் பாரம் எல்லாவற்றையும் ஹிந்தியில் ஒரு விண்ணப்பமாக எழுதி அவரிடம் கொடுத்தேன். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் இரண்டடி டிஷ்ஷைத் தள்ளும் விசை ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமம். நாலடி டிஷ்ஷில் அது 70 கிலோ. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, “சாய்ந்து விழாமலிருக்கக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்; வழுக்காமலிருக்கப் போடவில்லையே! உங்கள் டிஷ் விழவில்லை, வழுக்கித்தானே போயிற்று?” என்றார். தாமே சிவப்பு மசியால் திருத்தினார். 200 கிலோ மணல் மூட்டை; சட்டத்தின் கால்கள் சுவரின் நேர் மேலே; கைப்பிடிச் சுவரோடு கம்பிக் கட்டு; இடிக்காகத் தரைக்கு ஒரு செம்புக் கம்பி; புயல் எச்சரிக்கை வந்தால் உடனே தட்டைக் கழற்றுவது. இவ்வளவுக்கும் நான் கையெழுத்திட்ட பின் எட்டு வீட்டாரும் சம்மதித்தார்கள். கைக்குழந்தையின் தாயார் கடைசியாகக் கையெழுத்திட்டார்.

பிறகும் மூன்று மாலைகள் குறிபார்ப்பதில் கழிந்தன. டிஷ் பெரிதாக ஆக அதன் பார்வை குறுகும். இரண்டடி டிஷ்ஷின் பார்வை அகலம் மூன்றேகால் பாகைக்குச் சற்று மேல். நாலடிக்கு அதில் பாதிதான். ஒரு பாகை தவறினால் சிறியது ஒரு டெசிபெல் இழக்கும்; பெரியது நான்குக்கு மேல் இழக்கும். பெற்ற ஆறில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். ஆடும் கம்பத்தில் நிற்கும் பெரிய டிஷ்ஷைவிட அசையாமல் நிற்கும் சிறிய டிஷ் பல வேளைகளில் மேல். இத்தட்டின் முகம் ஏறக்குறைய நேர்க்குத்தாக நிற்கும். அது பார்ப்பதோ வானத்தை. எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதனால் வரும் மயக்கம் இது. கண்ணை நம்பாமல் ஒலியின் அளவையே நம்பி, மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். வெப்பத்தால் சுருதி நழுவாத, படிகத்தால் கட்டுப்பட்ட எல்.என்.பி. ஒன்றையும் பொருத்தினேன்.

ஜூலையில், முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, பெரியவர் இறங்கி வந்தார். மழை நாளில் இந்த அலை சற்றுத் தேயும் என்று முன்னெச்சரிக்கையாகச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை; காதுக் கருவியை மாட்டிக்கொண்டுவிட்டார். உறையைத் திருப்பினார். பென்சில் ஓடத் தொடங்கிற்று. ஓடிக்கொண்டே இருந்தது. அழைப்பு, அழைத்தவரின் குறி, பெயர், ஊர், அங்கே வெப்பம் எவ்வளவு என்பது, எல்லாம் வரி வரியாக விழுந்தன. இடையில் ஒருமுறை சிரித்தார். “இவன் இடது கைக்காரன் போலிருக்கிறது, கோடு கொஞ்சம் இழுக்கிறான்” என்றார். அது உண்மையோ என்னவோ, நான் அறியேன். ஆனால் ஒருவர் கையெழுத்தைப் போல ஒருவர் கைத்தட்டையும் அறிந்துகொள்ளும் செவி அது. நாற்பது நிமிஷங்களுக்குப் பிறகு தாளை என்னிடம் நீட்டி, தந்தி அலுவலகத்தில் செய்வதுபோல, நேரத்தைக் குறித்து ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார்.

அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவில்லை. “இது அலுவலகப் பிரதி, உங்களிடம் இருக்கட்டும்” என்றார்.

அன்பர்களே, எட்டடிக்கு ஏன் போகவில்லை என்று என்னைக் கேட்பவர்களுக்கு இப்போது ஒரே விடை சொல்கிறேன். தேவை எவ்வளவு என்பதை முதலில் அளந்துகொள்ள வேண்டும். என் காதுக்கு இரண்டடி போதும். அவர் காதுக்கு நாலடி வேண்டியிருந்தது. எட்டடி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

உங்களில் எவருக்கேனும் இவ்விஷயத்தில் ஆர்வம் பிறந்தால், இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மும்பையில் அக்கோள் அடிவானத்துக்கு 33 பாகை மேலே இருக்கிறது, டில்லியில் 25, கொல்கத்தாவில் 17 தான், ஆகையால் அங்கே மேற்குப் பக்கம் மறைப்பில்லாத மாடி வேண்டும். கையிலுள்ள சிறு டிஷ்ஷையே முதலில் திருப்பிப் பாருங்கள். எல்.என்.பி.யின் சாய்வைச் சரிசெய்யுங்கள். மரநிழலைப் பாருங்கள். வழியைக் குறுக்கிக் கேளுங்கள். அதற்குப் பின்னும் போதவில்லையென்றால் பெரியதை நாடுங்கள். நாடும்போது காற்றுக்கும் கணக்குப் போடுங்கள். அண்டை வீட்டாரிடம் முன்பே சொல்லுங்கள். மாடி நமக்கு மட்டும் சொந்தமானதன்று.

இப்போது வாரத்தில் இரண்டு மாலைகள் பெரியவர் வருகிறார். உறைகள் தீர்ந்துபோனதால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறேன். சென்ற வாரம் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “இந்தத் தேர்வு எழுத வயது வரம்பு ஏதாவது உண்டா, தம்பி?”

மேல் வரம்பு எதையும் விதியில் நான் காணவில்லை என்றேன். பாடங்களைத் தமிழில் எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.